ஒத்திக்குப் போன நாட்கள்

செய்தி மொழிபெயர்ப்பவர்களின் கையில் தேய்ந்துபோன சொற்களில் ஒன்று ‘ஒத்திவைப்பு’. சட்டசபை ஒத்திவைப்பு, வழக்கு ஒத்திவைப்பு, தேர்வு ஒத்திவைப்பு என்று ஒரு நாளில் நாலு முறையாவது எழுதிவிடுவோம். தமிழ் எம்.ஏ. படித்த பழக்கத்தால் எனக்கு மட்டும் அந்தச் சொல் கொஞ்சம் உறுத்தும். நிலத்தை ‘ஒத்திக்கு வைப்பது’ என்றும் தமிழில் உண்டு. கடன் கொடுத்தவர் நிலத்தில் பயிர் வைத்து அனுபவிப்பார். வாங்கியவர் பணத்தைக் கட்டி மீட்கும்வரை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு சொல்லும் ஒரே வேரில் பிறந்தவைதானா என்ற சண்டையை இலக்கண ஆசிரியர்களிடம் விட்டுவிடலாம். ஆனால் ஒரு நாளைத் தள்ளிவைக்கும்போதும் இதேதான் நடக்கிறது என்பதை எனக்குப் புரியவைத்தது, நான் கண்ணால் கூடப் பார்த்திராத ஒரு சைக்கிள் பந்தயம்.

கோலார் தங்கவயலில் எங்கள் பகுதிக்குப் பெயர் ஸ்கெலட்டன். பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள் ஒரு கணம் தயங்குவார்கள். நாங்கள் பழகிவிட்டோம். 2020 ஏப்ரலில் ஊரடங்கு காரணமாக பெங்களூர் அலுவலகத்துக்குப் போகாமல், ஸ்கெலட்டன் வீட்டின் முன் அறையிலிருந்து இரவு நேரச் செய்திகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். எல்லாமே ஒத்திவைப்பாக இருந்த மாதம் அது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் அடுத்த ஆண்டுக்குப் போயிருந்தது. ஏப்ரல் 13 அன்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன், பெருங்கூட்டங்களுக்கான தடை ஜூலை நடுப்பகுதிவரை தொடரும் என்று அறிவித்தார். இரண்டு நாள் கழித்து சர்வதேச சைக்கிள் சங்கத்தின் அறிவிப்பு வந்தது. ஜூன் 27-ல் தொடங்கவிருந்த டூர் டி பிரான்ஸ், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 20 வரை நடக்கும்.

மூன்று வரிச் செய்திதான். ஆனால் அதை ஒழுங்காகத் தமிழில் சொல்ல வேண்டுமானால், முதலில் அந்தப் பந்தயத்தைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அது ஒரு மைதானத்தில் ஒரு மாலையில் முடிகிற ஆட்டமல்ல. மூன்று வாரங்களில் 21 கட்டங்கள். பெரும்பாலான கட்டங்கள் ஓர் ஊரில் கிளம்பி வேறோர் ஊரில் முடியும். அந்த ஆண்டு 22 அணிகள், அணிக்கு எட்டுப் பேர். அவர்களுக்கு முன்னும் பின்னும் கார்கள், மெக்கானிக்குகள், சமையல்காரர்கள், போலீஸ், தொலைக்காட்சி ஹெலிகாப்டர்கள். ஒவ்வொரு இரவும் அத்தனை பேருக்கும் ஹோட்டல் அறைகள் வேண்டும். ஒவ்வொரு பகலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சாலையை மூட வேண்டும். இது ஒரு பந்தயத்தின் கதை. இத்தாலியின் ஜிரோ மே மாதத்திலும், ஸ்பெயினின் வுயெல்டா ஆகஸ்ட், செப்டம்பரிலும் இதே போல மூன்று வாரம் நடக்கும். இவற்றுக்கு நடுவே ஒரு நாள் பந்தயங்களும் ஒரு வாரப் பந்தயங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் தொடங்கி அக்டோபர்வரை அந்தக் காலண்டரில் மூச்சுவிட இடமில்லை.

அப்படியானால் டூர் டி பிரான்ஸை ஓர் ஆண்டு விட்டுவிட்டால் என்ன? இரண்டு உலகப் போர்க் காலங்களில் மட்டுமே அது நின்றிருக்கிறது என்பது கௌரவப் பிரச்சினை. அதைவிடப் பெரிய விஷயம் பணம். சாலையோரம் நின்று பார்ப்பவர் டிக்கெட் வாங்குவதில்லை. அணிகளுக்கு வாசல் வசூல் கிடையாது. சட்டையில் பெயர் போடும் கம்பெனி தரும் பணத்தில்தான் வீரர் முதல் மெக்கானிக்வரை எல்லோருக்கும் சம்பளம். அந்தக் கம்பெனிகள் பெரும்பாலும் பணம் போடுவது, ஜூலையில் உலகமே பார்க்கும் அந்த மூன்று வாரங்களை நம்பி. எனவே டூருக்கு முதலில் நாள் குறித்தார்கள். மற்றவை அதைச் சுற்றி நகர்ந்தன.

நகர்ந்தன என்று எழுதுவது சுலபம். ஜிரோ மே மாதத்திலிருந்து அக்டோபர் 3-க்குப் போனது. அதன் தொடக்க விழாவுக்காகக் காத்திருந்த புடாபெஸ்ட் நகரம் கைவிடப்பட்டது. அக்டோபர் இறுதியில் ஆல்ப்ஸ் மலைக் குளிரில், ஸ்டெல்வியோ கணவாயைத் தாண்டிய மறுநாள் காலை, கொட்டும் மழையில் 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டச் சொன்னபோது வீரர்கள் மறுத்தார்கள். அன்றைய தூரம் பாதிக்கும் கீழாகக் குறைக்கப்பட்டது. வுயெல்டா அக்டோபர் 20-க்குத் தள்ளப்பட்டு, 21 கட்டங்கள் 18 ஆகச் சுருங்கின. அது தொடங்கவிருந்த நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரமும் ஏமாந்தது. ஜிரோ முடியுமுன்பே வுயெல்டா தொடங்கிவிட்டதால், ஆறு நாட்கள் இரண்டு பெரும் பந்தயங்களும் ஒரே நேரத்தில் ஓடின. வசந்த காலத்து பாரிஸ்-ரூபே அக்டோபர் 25-க்குக் குறிக்கப்பட்டு, கடைசியில் ரத்தானது.

இவையாவது புதுத் தேதி பெற்றவை. கட்டலோனியா சுற்று, பாஸ்க் நாட்டுச் சுற்று, சுவிட்சர்லாந்து சுற்று ஆகியவை அந்த ஆண்டு நடக்கவே இல்லை. அவை சின்னப் பந்தயங்களும் அல்ல. உலகின் முதல் தர அணிகள் ஓடுபவை. பெரியவர்களுக்கு இடம் ஒதுக்கி முடித்தபோது காலண்டரில் அவற்றுக்கு மீதி இல்லை.

என் அப்பா சுரங்கத்தில் ஷிப்டு வேலை பார்த்தவர். கல்யாணம், காதுகுத்து என்று யாராவது ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்து நின்றால் அவர் முதலில் கேட்கும் கேள்வி, “யார்கிட்ட மாத்துன?” என்பதுதான். இரவு ஷிப்டு காலியாக இருக்க முடியாது. நீ போகாவிட்டால் உனக்குப் பதிலாக இன்னொருவன் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்குகிறான். “உன் லீவு சும்மா வரலடா, ஒருத்தன் தூக்கம் போகுது” என்பார். சைக்கிள் காலண்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்வி ஞாபகம் வரும்.

மாற்றமே கூடாது என்று சொல்லவில்லை. நிதானமாகச் செய்த மாற்றம் ஒரு பந்தயத்தைக் காப்பாற்றியும் இருக்கிறது. 1935-ல் தொடங்கிய வுயெல்டா பல காலம் வசந்தத்தில்தான் நடந்தது. 1994-ல் அது மே 15 அன்று முடிந்தது. ஒரே வாரத்தில் ஜிரோ தொடங்கிவிட்டது. இரண்டிலும் ஓட யாருக்குத் தெம்பு இருக்கும்? 1995-ல் வுயெல்டாவை செப்டம்பருக்கு மாற்றினார்கள். அதுவரை ஆகஸ்ட் கடைசியில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் அந்த ஆண்டு அக்டோபருக்குப் போனது. வெறும் வழிவிடல் அல்ல அது. ஜூலையில் விழுந்து எழுந்தவர்களுக்கு செப்டம்பரில் இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. வுயெல்டாவின் இன்றைய குணமே அதுதான்: அந்த ஆண்டு இன்னும் கணக்கைத் தீர்க்காதவர்களின் பந்தயம்.

எல்லா மாற்றமும் இப்படிப் பலிப்பதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா சுற்று, பிப்ரவரியின் மழைக்கும் குளிருக்கும் தப்ப 2010-ல் மே மாதத்துக்கு வந்தது. 2011-ல் முதல் கட்டமே பனிப்பொழிவால் ரத்தானது. போதாததற்கு மே மாதத்தில் ஜிரோ வேறு. 2019-க்குப் பிறகு அந்தப் பந்தயம் நடக்கவில்லை. காரணங்கள் பல இருக்கலாம்; ஆனால் ஓர் இடத்தின் தொல்லையிலிருந்து ஓடுகிறவர்கள் போய்ச் சேரும் இடத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அக்கா பெங்களூரில் மூன்று வீடுகளில் சமையல் வேலை பார்க்கிறார். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகு, தங்கவயலில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ரயில்தான் சுரங்கம். இருட்டோடு மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து, இருட்டிய பிறகு திரும்புவார்கள். 2020 மார்ச்சில் நாடு முழுதும் பயணிகள் ரயில்கள் நின்றன. அந்தச் செய்தியை நான் மொழிபெயர்த்த மறுநாள், அக்கா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் சொன்னேன். கைநிறுத்தாமலே கேட்டார்: “ஏன் தம்பி, பிரான்ஸ்ல சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு வேற தேதி குடுத்துட்டாங்க. நம்ம ரயிலுக்கு எப்போ தேதி?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவருடைய நாட்களை யாரும் ஒத்திவைக்கவில்லை. அவை கழிந்துபோயின. ஏப்ரல் மாதச் சம்பளத்தை செப்டம்பரில் சேர்த்துச் சம்பாதிக்க முடியாது. செப்டம்பருக்கும் முப்பது நாள்தான். வைகாசியில் குறித்திருந்த அவர் மகள் கல்யாணம் ஆவணிக்குப் போனது. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்தில் பாதி வரவில்லை. நகைக்கென்று வைத்திருந்த பணம் அரிசியாகவும் மருந்தாகவும் போனது. கல்யாணம் நடந்தது, வீட்டு வாசலில், இருபது பேரோடு. நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் அந்தக் கடன் இரண்டு ஆண்டு ஓடியது.

அப்போதுதான் ஒத்திவைப்பு என்பதும் ஒரு வசதி என்று உறைத்தது. தள்ளிப்போன நாளை உங்களுக்காக யாரோ எடுத்து வைத்திருக்க வேண்டும். 2022 மே மாதம் ஜிரோ புடாபெஸ்டில் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வுயெல்டா உட்ரெக்டில் தொடங்கியது. இரண்டு நகரங்களும் இரண்டு ஆண்டு காத்திருந்து ஒத்தியை மீட்டுவிட்டன. அதற்கு நகராட்சியும் ஒப்பந்தமும் பணமும் இருந்தன. அக்காவின் நாட்களுக்குப் பத்திரம் ஏதும் கிடையாது.

இது இனி வெளிநாட்டுச் செய்தியாக மட்டும் இருக்கப் போவதில்லை. 2026 ஜனவரி 19 முதல் 23 வரை புனே மாவட்டச் சாலைகளில் ‘புனே கிராண்ட் டூர்’ நடந்தது. சர்வதேச சங்கத்தின் அட்டவணையில் இடம்பெற்ற பல கட்டப் பந்தயம். ஜனவரி நல்ல தேர்வு. அங்கே மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஆனால் என்றாவது அதை மாற்ற நேர்ந்தால்? மார்ச்சில் பரீட்சை, மே மாதத்தில் வெயில், ஜூனில் பருவமழை, அதன்பின் விநாயகர் சதுர்த்தி, தீபாவளி. 2009-ல் தேர்தல் குறுக்கிட்டபோது ஐ.பி.எல். கிரிக்கெட்டைச் சில வாரங்களில் தென்னாப்பிரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மைதானம் எங்கே இருந்தாலும் மைதானம். சாலைப் பந்தயத்தை அப்படித் தூக்க முடியாது. அதன் மைதானம், ஒருவர் பால் வாங்கப் போகிற, இன்னொருவர் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அதே தெரு.

ஆகவே அட்டவணை போடுகிறவர்களுக்கு என் சிபாரிசு சிறியது. புது நாளைக் குறிக்குமுன், அந்த நாளில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய நாளை நம்பிப் பணம் போட்டவர் கைக்கு என்ன திரும்பும் என்று எழுதிக் கொடுங்கள். நடத்த முடியாதென்றால், தேதி தேதியாகத் தள்ளாமல் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். இந்தக் கடைசி விஷயத்தில் எங்கள் ஊருக்கு அனுபவம் அதிகம். மூடுவதற்கு முன்பு சுரங்கத்தை ‘மூடப் போகிறார்கள்’ என்று பல ஆண்டு கேட்டோம். மூடிய பிறகு ‘திறக்கப் போகிறார்கள்’ என்று அதைவிட அதிக ஆண்டு கேட்டுவிட்டோம். அந்தப் பேச்சை நம்பி வேறு வேலை தேடாமல் இருந்தவர்களின் நாட்களை இன்றுவரை யாரும் மீட்டுத் தரவில்லை.