மரியோவின் கூட்டத்துக்குள்ளே

மும்பை கொலாபாவில், ரீகல் தியேட்டருக்கு அருகில் இருக்கிறது கஃபே மொண்டேகர். சுவரோரமாக ஒரு மேசை வேண்டுமென்று கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். 1932-இல் இரானி ஓட்டலாகத் தொடங்கிய கடை இது. எதிரெதிராக உள்ள இரண்டு சுவர்களையும் கோவாக்காரரான கார்ட்டூனிஸ்ட் மரியோ மிராண்டாவின் படங்கள் நிறைத்திருக்கின்றன. ஒரு சுவரில் மும்பை நகரம். இன்னொன்றில் இதே கஃபே, இதே மேசைகள், இங்கே வந்து உட்காரும் மனிதர்கள். ஆம்லெட் வருவதற்குள் சுவரைப் பார்த்து முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பில் வந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தை வரையும் ஓவியர்கள் பெரும்பாலும் முன்வரிசையில் நாலைந்து முகங்களைத் தெளிவாகப் போட்டுவிட்டு, பின்னால் வெறும் தலைகளை அடுக்கிவிடுவார்கள். மரியோவிடம் பின்வரிசை என்று ஒன்று கிடையாது. மூலையில் தம்ளரைப் பிடித்திருப்பவருக்கும் தனி மூக்கு, தனி வயிறு, தனிக் கவலை. மேசைக்கடியில் நாய் இருந்தால் அதற்கும் ஒரு சுபாவம். இவ்வளவு பேரை ஒருவர் எங்கிருந்து சேர்த்தார் என்ற கேள்விதான் என்னைக் கோவாவுக்கு அனுப்பியது.

பனாஜியிலிருந்து மாண்டவி ஆற்றைத் தாண்டி போர்வோரிம் வந்து, தோர்டா என்ற சிற்றூருக்குத் திரும்ப வேண்டும். சாலை நடுவே கப்பல் மாதிரி ஒரு கட்டடம் நிற்கிறது. கோவாவின் பழைய வீடுகளைப் பற்றிய அருங்காட்சியகம் அது. கட்டியவர் கட்டடக் கலைஞர் ஜெரார்ட் ட குன்யா. மரியோவின் படங்களைத் தேடித் திரட்டிப் புத்தகங்களாக்கியவரும் அவரே. மரியோவின் படங்களுக்கான கேலரியும் அதன் அருகிலேயே இருக்கிறது. நுழைந்ததும் கண்ணில் படுவது குவளைகளும் டி-ஷர்ட்டுகளும் ஓடுகளும்தான். நான் நேராகப் புத்தக அலமாரிக்குப் போனேன். வந்தது மரியோவின் நாட்குறிப்புகளுக்காக.

மரியோ 1926 மே 2-ஆம் தேதி டாமனில் பிறந்தவர். குடும்பத்தின் பூர்வீக வீடு தெற்கு கோவாவில் லூட்டோலிம் கிராமத்தில். சின்ன வயதில் வீட்டுச் சுவர்களில் கிறுக்கித் தள்ளிய பிள்ளைக்கு அம்மா ஒரு வெற்று நோட்டு வாங்கிக் கொடுத்தார். பிள்ளை அதை ‘டயரி’ என்று அழைத்தது. அந்தப் பழக்கம் போகவே இல்லை. பள்ளியில் பாதிரியார்களைப் படமாக வரைந்து வம்பில் மாட்டியது, பம்பாய் சேவியர் கல்லூரியில் வரலாறு படித்தது, கட்டடக் கலைப் படிப்பில் சேர்ந்து பாதியில் விட்டது எல்லாம் பின்னால். ஓவியப் பள்ளி எதிலும் அவர் பயிலவில்லை.

1949, 1950, 1951 ஆகிய ஆண்டுகளின் நாட்குறிப்புகள் தனித்தனிப் புத்தகங்களாக வந்திருக்கின்றன. அவற்றை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். தேதி, கையெழுத்தில் சில வரிகள், கூடவே படம். திருப்பலிக்குப் போகும் குடும்பங்கள், கல்யாண விருந்து, பேருந்து நெரிசல், சாராயக் கடை அரட்டை, பாதிரியார்கள், உறவுக்காரர்கள். எழுதியவருக்கு இருபத்து மூன்றிலிருந்து இருபத்து ஐந்து வயது. யாருக்கும் காட்ட வேண்டும், விற்க வேண்டும் என்ற எண்ணம் பக்கங்களில் தெரியவே இல்லை. பெரிதாக ஒன்றும் நடக்காத நாளிலும் யாரோ ஒருவர் வாசலைக் கடந்து போயிருப்பாரே, அது போதும் இந்தப் பையனுக்கு.

அப்போது கோவா போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்தது. 1961 டிசம்பரில் அது முடிவுக்கு வரப்போகிறது என்று அந்தப் பக்கங்களில் இருக்கும் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கால கோவாவின் அரசாங்கக் கோப்புகள் லிஸ்பனில் இருக்கலாம். மனிதர்கள் எப்படி நின்றார்கள், எப்படித் தொப்பி வைத்தார்கள், விருந்தில் யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதற்கெல்லாம் இந்த நோட்டுகள்தான் சாட்சி. இவற்றை ஒரு கார்ட்டூனிஸ்டின் இளமைக் காலப் பயிற்சி என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. பின்னாளில் அவருக்குப் புகழ் தந்த எதையும்விட இந்தப் பக்கங்களையே நான் மேலாக மதிக்கிறேன்.

பிறகு வந்தது பிழைப்பு. விளம்பர ஸ்டூடியோ ஒன்றில் நான்கு ஆண்டுகள். ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி’ சில படங்களை வெளியிட்டது. ‘கரண்ட்’ இதழ் வேலை கொடுத்தது. பின்னர் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’. 1959-இல் குல்பெங்கியன் அறக்கட்டளையின் நிதியுதவியில் போர்ச்சுகல் போய், அங்கிருந்து லண்டன் சென்று சில ஆண்டுகள் தங்கினார். திரும்பி வந்து மறுபடியும் டைம்ஸ். அவர் கார்ட்டூன்களில் வந்த நடிகை ரஜனி நிம்புபானி, அலுவலக செக்ரட்டரி மிஸ் ஃபொன்சேகா, அரசியல்வாதி பண்டல்தாஸ் எல்லாரும் வாசகர்களுக்கு வீட்டு மனிதர்கள் ஆனார்கள்.

கேலரிச் சுவரில் மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றின் அருகே போய் முகம் வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறம் எங்கேயும் இல்லை. நிழல் வேண்டிய இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், சட்டையில் கட்டம், ஃபொன்சேகாவின் கவுனில் புள்ளிகள், கூரையில் ஓடு ஓடாக. அன்றைய செய்தித்தாள் அச்சில் சாம்பல் நிறம் வேண்டுமென்றால் படத்தைச் சிறு புள்ளிகளாக உடைத்து பிளாக் எடுக்க வேண்டும். மட்டமான தாளில் அது கலங்கிப்போகும். கோட்டுப் படமோ பளிச்சென்று விழும். அதனால் பத்திரிகை ஓவியர்கள் துணியையும் செங்கல்லையும் வைத்தே வெளிச்சத்தையும் இருட்டையும் உண்டாக்கினார்கள். மரியோ அந்தக் கட்டாயத்தைக் கொண்டாட்டமாக மாற்றிவிட்டார். மொண்டேகரின் சுவரளவுக்குப் பெரிதாக்கினாலும் அவர் படம் நீர்த்துப்போகாததற்குக் காரணமும் இதுதான் என்று படுகிறது. கோடு எத்தனை பெரிதானாலும் கோடுதானே.

ஓடுகளில் இறங்கிய மரியோ இன்னொரு அழகு. போர்ச்சுகலிலிருந்து கோவாவுக்கு வந்த அசுலேஜோ என்னும் பளபளப்பான ஓட்டில், வெள்ளைப் பரப்பில் படத்தைப் பிரதியெடுத்து, நிறம் தீட்டி, சூளையில் சுடுகிறார்கள். கடைப் பலகைகளிலும் வீட்டு வாசல்களிலும் இவற்றைப் பார்க்கலாம். குவளையிலும் காந்த வில்லையிலும் அச்சாகும் படங்கள்மேல் எனக்கு அவ்வளவு பிரியமில்லை. தென்னை, தேவாலயம், தொப்பை மனிதர் என்று திரும்பத் திரும்ப ஒரே கோவாவைத்தான் அவை விற்கின்றன. பெண்களின் உடலை மிகைப்படுத்தி வரைந்த பத்திரிகைப் படங்களிலும் இன்று நம்மால் ஒன்ற முடியவில்லை. நாட்குறிப்பில் வரும் அத்தைமார்களையும் மீன்காரிகளையும் வரைந்த கை அதைவிடப் பெரிது. அவர்களைத் தெரிந்து வரைந்த கை.

மறுநாள் லூட்டோலிம் போனேன். அந்தப் பெரிய வீட்டை வெளியே நின்றுதான் பார்த்தேன். ஷ்யாம் பெனகல் 1985-இல் ‘திரிகால்’ திரைப்படத்தை எடுத்தது இங்கேதான். மும்பை வாழ்க்கைக்குப் பிறகு மரியோ திரும்பி வந்து, 2011 டிசம்பரில் காலமானதும் இந்த ஊரில்தான். தெருவில் பெரிய நடமாட்டமில்லை. தேவாலயம், கடை, சைக்கிளில் ரொட்டி கொண்டுவரும் போதேர். நாட்குறிப்பு படித்த கண்ணுக்கு எல்லாரும் தெரிந்தவர்களாக இருந்தார்கள்.

கடைசியாகப் பனாஜி மார்க்கெட். நகராட்சிச் சந்தைக் கட்டடத்தின் சுவர்களிலும் மரியோவின் படங்கள் உண்டு. சந்தையில் நிற்கும் ஆட்களே சுவரிலும். வாழைப்பழக் கடைக்காரம்மாவிடம் படத்தைக் காட்டி, “இது யார் வரைந்தது?” என்று இந்தியில் கேட்டேன். “மரியோ” என்றார். ‘மிராண்டா’ தேவைப்படவில்லை. படத்தில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். மேலே நிமிர்ந்து ஒருமுறை கண்ணை ஓட்டி, கூடை வைத்திருந்த ஒரு பெண்ணைக் காட்டி, தன் மாமியார் சாடை என்றார். பக்கத்துக் கடைக்காரர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. மூக்கு அப்படி இல்லையாம். இருவரும் கொங்கணிக்கு மாறி வாதத்தைத் தொடர, நான் பழத்துக்குக் காசு கொடுத்துவிட்டு மீன் பகுதிக்கு நடந்தேன்.