அப்பா சொல்ல மறுத்த கைரேகை

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் அப்பா அம்மா இருக்கிற வீட்டில் ஒரு பழைய பொட்டி இருக்கு. உபுண்டு போட்டது. பென்ஷன் காகிதம், பேங்க் கணக்கு, அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அதில்தான். இங்கே டொராண்டோவில் ஆணி பிடுங்கி முடித்த ராத்திரியில், எஸ்.எஸ்.எச். வழியா அதற்குள்ளே போய் வேண்டியதைச் செய்து கொடுப்பேன். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே கதையா இருக்கும்.

போன மாதம் ஹார்டு டிஸ்க் மண்டையைப் போட்டது. மார்க்கெட் சின்ன மணிக்கூண்டுப் பக்கத்துக் கடைப் பையன் வந்து புதுசு மாட்டி, உபுண்டுவையும் மறுபடி போட்டுவிட்டான். அன்றைக்கு ராத்திரி நான் நுழையப் பார்த்தால், 'அந்தப் பக்கம் இருக்கிற பொட்டியின் அடையாளம் மாறிவிட்டது, நடுவில் யாரோ உட்கார்ந்திருக்கலாம்' என்று கொட்டை எழுத்தில் எச்சரிக்கை. புது உபுண்டு, அதனால் புதுச் சாவி. காரணம் அதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்காமல் உள்ளே போக மனசு வரலை.

அப்பாவுக்கு ஃபோன் போட்டு, ஒரு கட்டளையை எழுத்தெழுத்தாச் சொல்லி அடிக்க வைத்தேன். திரையில் அந்தப் பொட்டியின் கைரேகை வந்தது, 43 எழுத்து. படிங்கப்பா என்றேன்.

"மாட்டேன். ஃபோன்ல எந்த நம்பரும் சொல்லாதீங்கன்னு நீதானடா சொன்னே?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கு. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி பேங்குகளை எச்சரித்தது இதைத்தான். பேங்க்லேர்ந்து பேசறோம்னு சொல்லி ஏனிடெஸ்க் செயலியை இறக்க வைப்பான், அதில் வரும் 9 இலக்க எண்ணைக் கேட்பான், சொல்லிவிட்டு, கேட்கிற அனுமதியையும் கொடுத்துவிட்டால் உங்க ஃபோன் அவன் கையில். அந்தச் செய்தியை அப்பாவுக்குப் படித்துக் காட்டியதும் நான்தான் :-)

அதனால் முதலில் விளக்க வேண்டியதாப் போச்சு. சாவி எப்பவும் ஜோடியாத்தான் பிறக்கும். ஒன்று ரகசியம், ஒன்று பொது. ரகசியச் சாவி பொட்டியை விட்டு வெளியே வரவே வராது. பொதுச் சாவியையும் அதன் கைரேகையையும் மார்க்கெட்டில் மல்லிகைப்பூ விலை மாதிரிக் கூவலாம், யாருக்கும் அதிலிருந்து ரகசியச் சாவியைச் செய்யத் தெரியாது. அந்த 9 இலக்க எண் அந்நியனை உள்ளே விடுகிற வழி. கைரேகை, 'இது நம்ம வீட்டுக் கதவுதானா' என்று பார்க்கிற அடையாளம் மட்டும்.

என் பக்கமும் அப்படித்தான். என் பொதுச் சாவி அங்கே ஒரு கோப்பில் ஒரு வரியா இருக்கும். நான் போனதும், அந்த ஒரு இணைப்புக்கு மட்டுமே பொருந்துகிற கையெழுத்தை என் ரகசியச் சாவி போட்டுக் கொடுக்கும். ஒட்டுக்கேட்டு நாளைக்கு அதையே நீட்டினால் செல்லாது. பேச்சை மறைக்கிற சாவி வேறு. இரண்டு பொட்டியும் அப்போதைக்குப் பேசி உண்டாக்கிக்கொள்வது அது, டிஃபியும் ஹெல்மனும் 1976-ல் சொன்ன வழியில். அதற்கு முன்னால் டெல்நெட் காலத்தில் பாஸ்வேர்டு அப்படியே கம்பியில் ஓடும். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ அதை உறிஞ்சியதால்தான் டாட்டு இலோனென் எஸ்.எஸ்.எச்.-ஐ எழுதினார்.

இவ்வளவையும் அப்பாவிடம் சொல்லலை. பூக்கடைக் கதையோடு நிறுத்திக்கொண்டேன்.

"சரி, எழுதிக்கோ. பெரிய கியூ, சின்ன எம், மைசூர் எம்மு..." 43 எழுத்தும் படிக்க கால் மணி நேரம். நடுவில் பெரிய ஓவா பூஜ்யமா என்று ஒரு சண்டை. கைரேகையைப் படமாவும் காட்டும் வசதி 2008-லிருந்தே இருக்கு. அதைப் பார்த்த அம்மா, "யாருடா இது, கோலத்தைப் பாதியில விட்டுட்டுப் போனது?" என்றார்.

எல்லாம் பொருந்தியது. உள்ளே போய் அந்தக் கோப்பைத் திறந்தேன். வாட்ஸப்பில் நான் அனுப்பிப் பையன் போட்ட என் வரிக்குக் கீழே இன்னொரு வரி, அவனுடைய பொதுச் சாவி. ரிப்பேருக்கு வசதியா இருக்கட்டும்னு போட்டிருப்பான், கெட்ட எண்ணம் இருக்காது. ஆனாலும் அவங்க பேங்க் கணக்கு இருக்கிற வீடு. பூட்டை மாற்றவே வேண்டாம்ப்பா, அந்த ஒரு வரியை அழித்தால் போதும், எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"எடுத்துடு. வேணும்னா வாசல் வழியா வரட்டும். அம்மா காபி போட்டுக் குடுப்பா."