வளரி பிழைத்த விதம்

பழைய ஆயுதங்களின் மீது நமக்கு ஒரு மோகம் உண்டு. வாளோ, ஈட்டியோ, கேடயமோ, துருப்பிடித்த துப்பாக்கியோ எதுவானாலும் சரி. எங்கேயாவது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், மூட்டை கட்டிவிடுவோம். கரப்பான் பூச்சியை அடிக்கவும் கை நடுங்குகிற நமக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று வீட்டார் கேட்பது வழக்கம். சென்னையில் ஒரு காலத்தில் பாமர ஜனங்கள் மிருகக் காட்சிசாலையை "உயிர்க் காலேஜ்" என்றும், மியூசியத்தைச் "செத்த காலேஜ்" என்றும் சொல்வார்களாம். நாம் செத்த காலேஜின் தீராத மாணாக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டைக்கு நம்மை இழுத்ததும் இந்த மோகந்தான். ஊரை ஒட்டியுள்ள திருக்கோகர்ணத்தில், பிரகதாம்பாள் கோயிலுக்குச் சற்று அப்பால் அரசாங்க மியூசியம் இருக்கிறது. தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தான காலத்தில், 1910-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. தமிழ் நாட்டின் நடுவே ஒரு தனித் தீவுபோல் இருந்த அந்தச் சமஸ்தானம் 1948 மார்ச் 3-ந் தேதி இந்திய யூனியனில் இணைந்துவிட்டது. மியூசியம் மட்டும் தன் அலமாரிகளோடு அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்று முன்பே விசாரித்துக்கொண்டு வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தோம். கூட வந்தவர் உள்ளூர் நண்பர். சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பாட்டனார் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். இந்தக் கடைசி விஷயம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

கல் வகைகளையும், பஞ்சடைத்த பறவைகளையும், முதுமக்கள் தாழிகளையும் அவற்றுக்குரிய மரியாதையுடன் கடந்து சென்றோம். நாம் தேடி வந்தது வளரியை.

வளரி என்பது பிறைச்சந்திரனைப்போல் வளைந்த எறி ஆயுதம். வைரம் பாய்ந்த மரத்தில் செய்வார்கள், இரும்பிலும் உண்டு. ஒரு முனை கனத்தும் மறுமுனை இலேசாகவும் இருக்கும். இலேசான முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் இரண்டு மூன்று தடவை சுழற்றி, வேகம் ஏறியதும் விட்டுவிட வேண்டியது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் பூமராங்குக்கு இது சகோதரன் போன்றது. சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் துரை, 1909-இல் வெளியான தமது பெரிய நூலில் வளரியைப்பற்றி எழுதியிருக்கிறார். புதுக்கோட்டைத் திவான் அவருக்கு அனுப்பிய குறிப்பில், வளரி எறிவதில் தேர்ந்தவர் சமஸ்தானத்தில் இப்போது யாருமில்லை என்று கண்டிருந்தது. ஆனால் அரண்மனை ஆயுதசாலையில் வளரிகள் எப்போதும் இருப்பில் இருக்குமாம்.

எறிவதற்கு ஆள் இல்லை. ஆனால் வளரி மட்டும் இருப்பில் இருந்தது! ஏன் இருந்தது? கண்ணாடிக்கு முன் நின்றபோது இந்தக் கேள்விதான் நம்மைப் பிடித்துக்கொண்டது.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பெனிப் பட்டாள அதிகாரி தமது யுத்த நினைவுகளை 1830-இல் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஈட்டி பிடிக்கவும் வளரி எறியவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கைச் சின்ன மருது என்று அதில் நன்றியோடு எழுதியிருக்கிறார். நூறு கஜத்துக்குள் குறி தப்பாதாம். சில ஆண்டுகள் கழித்து, 1801-இல், அதே வெல்ஷ் அந்தக் குருவைக் காட்டுமிருகத்தைப்போல் துரத்திப் பிடிக்கும் படையில் இருந்தார். தொடை எலும்பு முறிந்து அவர் கிடந்ததையும், அண்ணனோடும் மகனோடும் தூக்கில் தொங்கியதையும் தம் கண்ணாலேயே பார்த்தார். மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24. அவ்வாண்டு டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார்: பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், ஆயுதங்கள் பறிக்கப்பட வேண்டும்.

ஜப்பானிலும் இத்தகைய காரியம் நடந்திருக்கிறது. ஹிதேயோஷி என்ற சேனாதிபதி 1588-இல் குடியானவர்களின் வாள்களையெல்லாம் பறித்தான். புத்தர் கோயிலுக்கு ஆணி அடிக்கப் போகிறோம், உங்களுக்குப் புண்ணியம் என்று சமாதானமும் சொன்னான். 1876-இல் சாமுராய்களும் இடுப்பு வாளைக் கழற்ற வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து, 1882-இல், டோக்கியோவில் யூஷூகான் என்ற யுத்தக் காட்சிசாலை திறக்கப்பட்டது. அங்கே வாளைப் பறித்ததும் காட்சிக்கு வைத்ததும் அந்நாட்டார்தான். இங்கே பறித்தவன் அந்நியன். அவன் பறித்தது போக மிஞ்சிய வளரி எங்கே மிஞ்சும்? அவனுடைய சிநேகிதர் வீட்டில்தான்!

தொண்டைமான்கள் கும்பெனியின் பழைய சிநேகிதர்கள். 1751-52-இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டபோது ஆங்கிலேயர் பக்கத்துக்கு ஆளும் தானியமும் அனுப்பியவர்கள். 1799-இல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபின் கட்டபொம்மன் தொண்டைமான் எல்லைக்குள் வந்து சேர்ந்தார். திருக்கலம்பூர் அருகே பிடிபட்டார். கும்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டு, அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். மருதுகளை ஒடுக்கிய யுத்தத்திலும் தொண்டைமான் படை கும்பெனியின் பக்கமே நின்றது. இதற்கெல்லாம் 1803-இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சார்ந்த பூமியும் சன்மானமாகக் கிடைத்தன. வருஷத்துக்கு ஒரு யானை கப்பம் என்று பேச்சு. அந்த யானையை யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை. 1836-இல் அதுவும் தள்ளுபடியாயிற்று.

இவ்வளவையும் வராந்தாவில் உட்கார்ந்து நண்பரிடம் சொன்னோம். அவர் முகம் சிவந்தது.

"நீங்கள் வந்து பார்க்க ஒரு வளரியாவது மிச்சமிருக்கிறதே, அது யார் தயவு என்று யோசித்தீர்களா?" என்றார். "கட்டபொம்மன் எங்கள் அரசருக்கு உறவா, நட்பா? அப்போது இந்தியா என்று யார் நினைத்தார்கள்? அவரவர் பாளையம் அவரவருக்கு. எங்கள் மன்னர் எதிர்த்திருந்தால் இந்த ஊரிலும் ஏர் பூட்டி உழுது ஆமணக்கு விதைத்திருப்பான்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை அப்படித்தான் தரைமட்டமாயிற்று. இன்று அங்கே நாம் காண்பது 1974-இல் தமிழ்நாடு அரசாங்கம் கட்டிய நினைவுக் கோட்டை. ஆனால் ஊரைக் காப்பது வேறு. தோற்று ஓடிவந்தவனைப் பிடித்துக் கொடுப்பது வேறு என்றோம். "அடைக்கலம்" என்ற சொல் 1799-இலும் தமிழில் இருந்தது. நண்பர் பதில் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, "திருமயத்துக்குப் பஸ் இருக்கிறது, வாருங்கள்" என்றார்.

திருமயம் தெற்கே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். 1687-இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை. ஏழு சுற்று மதில்களில் நான்குதான் எஞ்சியிருக்கின்றன. மலையடிவாரத்தில் குடைவரைகளில் சிவனும் பெருமாளும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். ஊமைத்துரையின் பெயரால் ஜனங்கள் இதை ஊமையன் கோட்டை என்றே சொல்கிறார்கள். தொண்டைமான் வசம் இருந்த கோட்டை. வழங்குவதோ தொண்டைமானின் எதிரி பெயர்! சரித்திர ஆசிரியர்கள் தீர்க்காத வழக்கை ஜனங்கள் இப்படித் தீர்த்துவிட்டார்கள் போலும்.

மூச்சு வாங்க உச்சிக்கு ஏறினோம். அங்கே கொத்தளத்தில் ஒரு பீரங்கி. வழக்கமாக நாம் பீரங்கியைக் கண்டால் நீளம் அளப்போம், வாயின் விட்டம் பார்ப்போம், எவ்வளவு மருந்து பிடிக்கும் என்று கணக்குப் போடுவோம். அன்று அவ்வளவும் செய்தோம். மோகம் அவ்வளவு சுலபத்தில் போகிறதா? ஆனால் அளந்து முடித்ததும், இது யாரை நோக்கித் திரும்பியிருந்தது என்ற நினைப்பும் கூடவே வந்தது.

நண்பர் கீழே வீடுகளைக் காட்டினார். "தீரர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்த ஊர் இது. 1942-இல் சிறைக்குப் போனார். மறு வருஷம் மார்ச்சில் உயிர் போயிற்று. எங்கள் மண் ஒருவரைக் காட்டிக் கொடுத்தது என்கிறீர்கள். இவரைக் கொடுத்ததும் இந்த மண்தானே?"

பெரிய கொடைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றை வைத்து மற்றொன்றைக் கழித்துவிடச் சரித்திரம் பற்றுவரவுப் புத்தகமா? அப்படியே சொன்னோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பீரங்கியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"திருக்கலம்பூர் எந்தத் திசை?" என்று கேட்டோம்.

சூரியன் இறங்கிக்கொண்டிருந்த பக்கம் கையை நீட்டினார். "அதோ, பொன்னமராவதிப் பக்கம். நாளைக்கு முதல் பஸ்ஸில் போவோம். நானும் இதுவரை அங்கே போனதில்லை."