மாய இராச்சியத்துக்குப் போகும் வழி

ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள டிஸ்னி உலகம் 1971 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் முதற் பூங்காவான மாய இராச்சியத்துக்குக் காரில் போகிறவர்கள் வாசலில் இறங்க முடியாது. பரந்த தரிப்பிடத்தில் காரை விட்டு, ட்ராம் வண்டியில் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து படகிலோ மொனோரெயிலிலோ ஏரிக்கு அப்பால் போகவேண்டும்.

படகில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே ஏறலாம். மொனோரெயிலுக்கு ஊழியர் சாய்வுப் பலகை கொண்டுவந்து வைப்பார். ட்ராமில்தான் சிக்கல். நாற்காலியை மடித்துவிட்டு, அதில் இருந்தவர் வாங்குக்கு மாறவேண்டும். மாற இயலாதவர்களுக்கு நிலையத்தின் அருகிலேயே தனித் தரிப்பிடம் உண்டு.

ஹோட்டல்களுக்குப் போகும் பஸ்களில் சக்கர நாற்காலியை முதலில் ஏற்றி, பட்டிகளால் பிணைத்த பின்னரே மற்றவர்களை ஏற்றுவார்கள். இரவு வாணவேடிக்கை முடிந்து, உறங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டபடி நிற்கும் வரிசைக்கு அந்தச் சில நிமிடங்கள் பொறுப்பதில்லை. முணுமுணுப்புக் கேட்கும். மாற்றுத்திறனாளிகளுக்காக 1990இல் வந்த அமெரிக்கச் சட்டம் பஸ்ஸில் ஏற வழி செய்தது. முணுமுணுக்காதே என்று எந்தச் சட்டம் சொல்லும்?

நாற்காலியில் இருப்பவராவது கண்ணுக்குத் தெரிகிறார். காற்சட்டைக்குள் செயற்கைக் கால் அணிந்தவர் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார். சேலைக்குள் ஜெய்ப்பூர் காலோடும், உடம்பில் ஷெல் துண்டோடும் வவுனியா பஸ்ஸில் நிற்கும் எங்கள் சகோதரிகளுக்கு இது புதிதல்ல. "இளம் பிள்ளைதானே, நிற்கட்டும்" என்பார்கள்.

அங்கே சிலர் எழும்பி, "இருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்பதுண்டு. ஏன், எதற்கு என்று விசாரிப்பதில்லை. வேண்டாம் என்றால் பேசாமல் திரும்ப அமர்ந்துகொள்வார்கள்.