பணம் கட்டுமுன் நூலகத்திற்குப் போங்கள்



ஜூஜூவாடியைக் கடந்து கர்நாடகத்திற்குள் வருகிறவர்கள் முதலாவது காணும் ஊர் எங்கள் அத்திபெலே. தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினவர்கள் இங்கே அநேகர். அவர்களுடைய முதல் வேலை பெரும்பாலும் ஒரு மாமாவாலோ, ஊர்க்காரராலோ, சபையில் பழகிய ஒரு சகோதரராலோ கிடைத்ததாயிருக்கும். தொழிற்சாலை வாசலில் தொங்கும் அறிவிப்புப் பலகையே போதுமானதாயிருந்த காலம் அது.

இருபது ஆண்டுகள் கழித்து நிலைமை மாறுகிறது. அந்த வாலிபன் இப்பொழுது உற்பத்தி மேலாளர். அல்லது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவர். நாற்பத்தைந்து வயது, வீட்டுக் கடன், கல்லூரியில் படிக்கும் மகள். ஒரு நாள் நிர்வாகம் கை மாறுகிறது, வேலை போய்விடுகிறது. மேலாளர் வேலைக்கான அறிவிப்பு தொழிற்சாலை வாசலில் தொங்குவதில்லை. மாமாவுக்கும் ஊர்க்காரருக்கும் அது தெரிய வராது. அப்பொழுதுதான் உயர் பதவிகளுக்கு ஆள் தேடித் தரும் நிறுவனங்களைப்பற்றி அவர் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார். நம் மக்கள் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் ‘கன்சல்டன்சி’ என்கிறார்கள். அந்த ஒரே சொல்லுக்குள் உண்மையானவர்களும் ஒளிந்திருக்கிறார்கள், ஏமாற்றுகிறவர்களும் ஒளிந்திருக்கிறார்கள்.

ஆகவே, இவர்களை எப்படி விசாரித்து அறிவது என்பதைக்குறித்து இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

கூலி கொடுப்பவர் யார்?

எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரர் ஒரு மாலை வேளையில் என்னிடம் வந்து, “பாஸ்டர், ஜெபம் பண்ணுங்கள். நாளைக்குப் பணம் கட்டப் போகிறேன்” என்றார். ஒருவர் தொலைபேசியில் “பிரைஸ் த லார்ட் பிரதர்” என்று அழைத்து, ஒரு பெரிய கம்பெனியில் மேலாளர் பதவி காத்திருப்பதாகவும், பதிவுக் கட்டணம் 18,500 ரூபாய் என்றும் சொல்லியிருக்கிறார். கட்டணத்திற்காக மனைவியின் சங்கிலியை அடகு வைக்க அவர்கள் ஆயத்தமாயிருந்தார்கள். ஜெபித்தேன். பின்பு, “பிரதர், அந்த மனிதருக்குச் சம்பளம் கொடுக்கிறவர் யார்?” என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

பிரியமானவர்களே, இந்தக் காரியத்தில் முழு ஞானமும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. உயர் பதவிக்கு ஆள் தேடும் நிறுவனம் உங்களுக்கு வேலை தேடுவதில்லை. முதலாளிக்கு ஆள் தேடுகிறது. கூலியும் முதலாளியிடமிருந்தே வருகிறது. சாதாரண ஆள்சேர்ப்பு நிறுவனங்கள், தாங்கள் அனுப்பிய ஆள் வேலையில் சேர்ந்த பிறகு, ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளத்தை, கம்பெனியிடம் பெறுவது நம் நாட்டில் பழகிப்போன கணக்கு. உயர் பதவித் தேடலிலோ, முதலாண்டுச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கம்பெனியே தவணைகளாகக் கொடுப்பது உலக வழக்கம். ஆண்டுக்கு 12 லட்சம் சம்பளமுள்ள பதவி என்றால், முதல் வகையாருக்கு ஒரு லட்சம்; இரண்டாம் வகையாருக்கு நான்கு லட்சம். நான்கு லட்சம் வாங்குகிறவர் உங்களுடைய 18,500 ரூபாய்க்காக ஏன் இரவு ஒன்பது மணிக்கு அழைக்க வேண்டும்?

இந்தத் தொழில் நேற்று முளைத்ததல்ல. நியூயார்க்கில் பாய்டன் நிறுவனம் 1946-லும், சூரிக் நகரில் ஈகோன் ஜென்டர் நிறுவனம் 1964-லும் தொடங்கின. நம் நாட்டில் ஏ.பி.சி. கன்சல்டன்ட்ஸ் 1969-லிருந்து நடந்து வருகிறது. 1992-ல் சென்னையில் பாண்டியராஜன் தொடங்கிய மாஃபா நிறுவனத்தைத் தமிழர் அநேகர் அறிவர். அது பிற்காலத்தில் நெதர்லாந்தின் ரான்ஸ்டாட் நிறுவனத்தோடு இணைந்தது. வேலை தேடுகிறவரிடம் தனியார் நிறுவனங்கள் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கலாகாது என்பதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-ல் வகுத்த 181-ஆம் உடன்படிக்கையின் பொது விதி. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. ஆயினும் நேர்மையின் அளவுகோல் எது என்பதை அது காட்டுகிறது.

வெளிநாட்டு வேலைக்குச் சட்டம் வேறு. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி. வரியும் மட்டுமே. பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் உள்ளது.

நூலகம் ஏன்?

“கைப்பேசியில் தேடினால் எல்லாம் வருமே” என்பீர்கள். வரும். பணம் கொடுத்து விளம்பரம் செய்தவரின் பெயரும் முதலாவதாக வரும். நூலகத்திலோ உங்களிடம் எதையும் விற்கிறவர் இல்லை; அவசரப்படுத்துகிறவரும் இல்லை. வேலை இழந்தவருக்கு இந்த அமைதி மிகவும் தேவை. காலையில் எழுந்து, சவரம் செய்து, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு புறப்பட்டுப் போக ஓர் இடம் இருப்பதே அவருடைய மனதைத் தாங்கும். இதை நான் என் கண்ணால் கண்டேன்.

பெங்களூரு கப்பன் பூங்காவிலுள்ள சிவப்புக் கட்டடத்தை அநேகர் பார்த்திருப்பீர்கள். 1883 முதல் 1901 வரை மைசூர் சமஸ்தானத்தின் திவானாயிருந்த சேஷாத்ரி ஐயரின் நினைவு மண்டபம் அது. மாநில மத்திய நூலகம் அதில்தான் இயங்குகிறது. அத்திபெலேயிலிருந்து பொம்மசந்திராவுக்குப் பேருந்தில் போனால், 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மஞ்சள் வழி மெட்ரோவில் ஆர்.வி. ரோடு வரை போகலாம். அங்கே பச்சை வழிக்கு மாறி மெஜஸ்டிக், பின்பு ஊதா வழியில் கப்பன் பூங்கா. கர்நாடகப் பொது நூலகச் சட்டம் 1965-ல் இயற்றப்பட்டது. சொத்துவரியோடு சேர்த்து நூலக மேல்வரியும் வசூலிக்கப்படுகிறது. வாடகை வீட்டில் இருந்தாலும் அதில் உங்கள் பங்கும் உண்டு. ஆகையால் கூச்சமின்றி உள்ளே செல்லுங்கள்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, இந்திய நூலக இயலின் தந்தை என்று பெயர் பெற்றவர். அவர் 1962-ல் ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கியது இந்தப் பெங்களூருவில். 1972-ல் காலமானதும் இங்கேதான். நம்மைப்போல் பிழைக்க வந்த ஊருக்கு அவர் ஒரு பெரிய நன்மையைச் செய்தார். வாசிக்க வருகிறவருடைய நேரம் வீணாகலாகாது என்பது அவர் வலியுறுத்திய கொள்கைகளில் ஒன்று. எனவே, நூலகரிடம் கேட்பது தொந்தரவல்ல. பதில் சொல்வது அவருடைய பணி. “எனக்கு வேலை வேண்டும்” என்று கேட்காதீர்கள். “தொழில் நிறுவனங்களின் கைவேடு எங்கே இருக்கிறது? பழைய நாளிதழ்களைப் பார்க்கலாமா?” என்று குறிப்பாகக் கேளுங்கள்.

பட்டியல் எழுதும் முறை

முதலாவது, உங்கள் தொழிலைச் செய்யும் கம்பெனிகளை எழுதுங்கள். அந்தச் சகோதரர் இயந்திர உதிரிபாகத் துறையைச் சேர்ந்தவர். பொம்மசந்திரா, ஜிகனி, பீன்யா, ஓசூர் என்று பகுதி பகுதியாக, வர்த்தக சபைகளின் கைவேடுகளைக் கொண்டு எழுதினோம்.

இரண்டாவது, நாளிதழ்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். ஆங்கில நாளிதழ்கள் புதன்கிழமைதோறும் இதற்கென்று தனி இணைப்பு வெளியிடுவது நெடுங்கால வழக்கம். பெரிய பதவிக்கான விளம்பரத்தில் பல வேளைகளில் கம்பெனியின் பெயர் இராது. கீழே தேடல் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருக்கும். அந்தப் பெயர், பதவி, துறை, தேதி ஆகிய நான்கையும் எழுதுங்கள். ஒரு வருஷத்து இதழ்களைப் பார்த்தால், எந்த நிறுவனம் எந்தத் துறைக்குத் திரும்பத் திரும்ப ஆள் தேடுகிறது என்பது தானாகத் தெரியும். மருந்துத் தொழிலுக்கு ஆள் தேடுகிறவரிடம் இயந்திரத் தொழிற்சாலை மேலாளர் விண்ணப்பிப்பதால் பயனில்லை.

மூன்றாவது, வணிக இதழ்களையும் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளையும் வாசியுங்கள். யார் புதிதாகத் தலைமைக்கு வந்தார், எந்தக் கம்பெனி விரிவடைகிறது என்று அவை சொல்லும். விரிவடையும் இடத்தில் ஆள் தேவைப்படும்.

மூன்று சனிக்கிழமைகளில் அந்தச் சகோதரர் 43 நிறுவனங்களின் பெயர்களை எழுதினார். அவருடைய துறைக்கும் பதவிக்கும் பொருந்தியவை ஒன்பது.

சோதித்து அறிதல்

பெயர் கிடைத்தபின் அதைச் சோதியுங்கள். பதிவு பெற்ற ஒவ்வொரு கம்பெனிக்கும் சி.ஐ.என். என்னும் 21 இடங்கள் கொண்ட அடையாளம் உண்டு. அதில் ஏழாவது, எட்டாவது எழுத்துகள் மாநிலத்தையும், அடுத்த நான்கு இலக்கங்கள் கம்பெனி பதிவான ஆண்டையும் காட்டும். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரையும் முகவரியையும், கம்பெனி இயங்குகிறதா, நீக்கப்பட்டதா என்பதையும் பார்க்கலாம். தொலைபேசியில் அழைத்தவர் தங்கள் நிறுவனத்திற்கு இருபது வருஷ அனுபவம் என்று சொல்லியிருந்தார். பார்த்தபொழுது அது பதிவாகி இரண்டு வருஷமே ஆகியிருந்தது. பழைய கூட்டு வணிகம் பிற்பாடு கம்பெனியாக மாறியிருக்கவும் கூடும். அப்படியானால், கேட்டவுடன் விளக்கம் கிடைக்கும். இவரோ, கேட்டவுடன் கோபித்துக்கொண்டு, “உங்களுக்கு விசுவாசம் இல்லை” என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

கம்பெனியாகப் பதிவு செய்யாதவர்களுக்கு சி.ஐ.என். இராது. அவர்களுடைய ஜி.எஸ்.டி. எண்ணைக் கேளுங்கள். 15 இடங்கள் கொண்ட அதன் முதல் இரண்டு இலக்கங்கள் கர்நாடகத்திற்கு 29, தமிழ்நாட்டிற்கு 33. எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை அரசின் ஜி.எஸ்.டி. இணையதளம் காட்டும். ஏற்கெனவே பணத்தை இழந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 1930 என்னும் எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். எங்கள் பகுதியில் இன்னொரு குடும்பம் வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு, நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பணம் திரும்பவில்லை. வட்டி மட்டும் ஓடுகிறது.

எழுதுங்கள், பொறுத்திருங்கள்

தெரிந்தெடுத்த நிறுவனங்களுக்கு அரைப் பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். அந்தத் துறையைக் கவனிக்கிற அதிகாரியின் பெயரை அறிந்து, அவருக்கே எழுதுங்கள். எத்தனை பேரை நடத்தினீர்கள், எதைச் சீர்படுத்தினீர்கள், எந்த ஊருக்கு வர ஆயத்தம் என்பவை போதும். குடும்பத்தின் கண்ணீர்க் கதையை அதில் எழுதாதீர்கள்.

பதில் வராவிட்டால் சோர்ந்துபோகாதீர்கள். அவர்கள் கையில் அந்தச் சமயம் உங்களுக்கேற்ற பதவி இல்லாதிருக்கலாம். மேலும், ஒரு கம்பெனிக்கு ஆள் தேடிக் கொடுத்தவர், அதே கம்பெனியிலிருந்து குறிப்பிட்ட காலம் வரைக்கும் ஆளை இழுப்பதில்லை என்று வாக்குக் கொடுப்பது இந்தத் தொழிலின் ஒழுங்கு. ஆகவே உங்கள் இப்போதைய கம்பெனி அவர்களுடைய வாடிக்கையாளராயிருந்தால், அவர்கள் மௌனமாயிருப்பார்கள். பெரிய பெயருள்ள ஒருவரை மட்டும் நம்பாமல் பலருக்கு எழுத வேண்டியதன் காரணம் இதுவே. கூடவே, மத்திய அரசு 2015-ல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும் இலவசமாகப் பதிவு செய்துவைக்கலாம்.

அந்தச் சகோதரர் ஒன்பது பேருக்கு எழுதினார். இரண்டு பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் ஏழு மாதம் கழித்து அழைத்தார். இன்று அவர் ஓசூரில் வேலை செய்கிறார். சம்பளம் முன்னிலும் சற்றுக் குறைவு; சங்கிலி அவர் மனைவியின் கழுத்திலேயே இருக்கிறது.

ஜெபமும் விசாரணையும்

விசாரிப்பது அவிசுவாசம் என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். ஏமாற்றுகிறவர்கள் நம்முடைய இந்த எண்ணத்தை நன்றாய் அறிந்திருக்கிறார்கள். நம்முடைய வாழ்த்துச் சொல்லையே முதல் வார்த்தையாக வைத்து அழைக்கிறார்கள். நெகேமியா உபவாசித்து ஜெபித்த மனிதன். ஆயினும் எருசலேமுக்கு வந்தபின் இராத்திரியிலே எழுந்து இடிந்த அலங்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டே ஜனங்களிடம் பேசினான். பெரோயா பட்டணத்தார் அப்போஸ்தலன் சொன்னதையே வேதத்தில் தேடிப் பார்த்தார்கள். அப்போஸ்தலனையே சோதித்துப் பார்க்கலாமானால், தொலைபேசியில் பேசுகிற முன்பின் அறியாதவனைச் சோதிப்பது குற்றமாகுமோ?

சபைப் பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை கிடைத்தவரின் சாட்சியைக் கேட்கிறோம். வேலை இழந்தவர் பின்வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முடியுமுன் எழுந்து போய்விடுகிறார். அவரைத் தேடிச் செல்லுங்கள். ஆலோசனை சொல்வதோடு நில்லாமல், ஒரு சனிக்கிழமை அவரோடு கூட நூலகத்திற்குப் போங்கள். அவருக்கு முன்பாக ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்து, முதல் பெயரை நீங்களே எழுதிக் கொடுங்கள்.