வளைகோட்டுக்குக் கீழே பத்து செவ்வகங்கள்

போன பொங்கல் லீவுக்கு சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். ப்ளஸ் டூ படிக்கிற தங்கச்சி கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, ஒய் ஈக்வல் டு எக்ஸ் ஸ்கொயர். 0-லேர்ந்து 1 வரைக்கும் கோட்டுக்குக் கீழ ஏரியா மூணுல ஒண்ணுன்னு வருது. ஏன்?"

"எக்ஸ் க்யூப் பை த்ரீ. எக்ஸுக்கு 1 போடு. அவ்ளோதான்."

"அது எனக்கும் தெரியும்ணா. அது ஏன் ஏரியா ஆகுதுன்னு கேக்கறேன்."

"சாப்பிட்டு வந்து சொல்றேன்" என்று நழுவினேன். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், இன்டக்ரேஷனில் நல்ல மார்க், ஆனால் பதில் தெரியாது! ப்ளஸ் டூ புத்தகத்தில் செவ்வகம் செவ்வகமாகப் படம் போட்ட பக்கம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று நான்தான் தாண்டிப் போயிருந்தேன்.

ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அவளுடைய கிராஃப் ஷீட்டில் உட்கார்ந்தேன். 1 என்பதற்கு 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் மொத்தக் கட்டம் 100 சதுர செ.மீ. கோட்டை வரைந்து, 1 செ.மீ. அகலத்தில் பத்துப் பட்டைகளாகப் பிரித்தேன். ஒவ்வொரு பட்டையிலும் கோட்டுக்குள் அடங்குகிற செவ்வகம் ஒன்று, கோட்டை மூடுகிற செவ்வகம் ஒன்று. அடங்கியவற்றின் கூட்டல் 28.5. மூடியவற்றின் கூட்டல் 38.5. உண்மையான பரப்பு இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

இரண்டுமே தப்பான விடைதான். ஆனால் தப்பு எவ்வளவுக்கு மேல் போகாது என்பது தெரியும். சின்னதுக்கும் பெரியதுக்கும் இடையே உள்ள துண்டுகளை எல்லாம் ஒரே பக்கமாகத் தள்ளினால், ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்து 10 செ.மீ. உயரம், 1 செ.மீ. அகலத்தில் ஒரே தூண் ஆகிவிடும். அந்த 10 சதுர செ.மீ.தான் மொத்த இடைவெளி.

ஆர்க்கிமிடீஸ் வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் 96 பக்கப் பலகோணம் போட்டு பையை இப்படித்தான் இரண்டு பக்கமும் நெருக்கினார். செவ்வக முறையை 1854-ல் ரீமான் ஒழுங்கான வரையறையாகவே ஆக்கினார்.

காலையில் தங்கச்சியிடம், "நேத்து எனக்குப் பதில் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் ஷீட்டைக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தூணையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்போ ஒரு மில்லிமீட்டர் அகலத்துல 100 பட்டை போட்டா, தூண் 1 சதுர செ.மீ.தானேண்ணா?" என்றாள்.

அதேதான். கணக்குப் போட்டோம்: 32.835, 33.835. பட்டை கூடக் கூடத் தூண் மெலிந்துகொண்டே போகும். கடைசிவரை நடுவில் நிற்கிற ஒரே எண் நூறில் மூன்றில் ஒரு பங்கு. 1 முதல் என் வரை வர்க்கங்களைக் கூட்டுகிற சூத்திரத்தில் மேலே ஒரு 2, கீழே ஒரு 6 இருக்கிறதே, அங்கிருந்துதான் இந்த மூன்றில் ஒன்று வருகிறது. இத்தனை நாளாக அதைத் தனிச் சூத்திரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்!

நீங்களும் எக்ஸ் க்யூபுக்குப் பத்துப் பட்டை போட்டுப் பாருங்கள் மக்களே. 20.25-க்கும் 30.25-க்கும் நடுவில் வரும். சரியான விடை என்னவென்று நீங்களே கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.