அன்னையின் வினா

சென்ற ஆண்டு விடுமுறை முழுவதையும் யான் என் அன்னையாரின் படுக்கையருகே கழிக்க நேர்ந்தது. அவர்களுக்கு நுரையீரலிற் புற்றுநோய். வைத்தியர் கையின் நாளத்தில் மருந்து ஏற்றுவார். அன்றிரவே வாந்தியும் சோர்வும் தொடங்கும். சின்னாட்களில் தலைமயிரும் உதிர்ந்தது. ஒருநாள் அவர்கள், "நோய் மார்பிலே இருக்கிறது, மருந்தைக் கையிலே ஏற்றுகிறார்களே! சளிக்கு ஆவி பிடிப்பதுபோல் இதற்கும் பிடிக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள்.

அவ்வினா பேதைமையன்றென்பதைக் கல்லூரிக்குத் திரும்பியபின் நூல்களால் அறிந்தேன். நாளத்தில் ஏறும் மருந்து இரத்தத்தோடு உடலெங்கும் சென்று, புற்றணுக்களைப் போலவே விரைந்து பெருகும் மயிர்க்கால், குடல் முதலியவற்றின் அணுக்களையும் தாக்குகின்றது. அம்மருந்தையே நுண்டிவலைகளாக்கிச் சுவாசிக்கச் செய்தால், நோயுள்ள இடத்திலேயே அது மிகுதியாகத் தங்கும். திவலைகள் ஏறக்குறைய 1 முதல் 5 மைக்ரான் அளவினவாதல் வேண்டும். பெரியன தொண்டையிலேயே படிந்துவிடும்.

இம்முறையை அமெரிக்க ஆராய்ச்சியாளர் நாய்களிடம் சோதித்து, 1999-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அந்நாய்கள் நோய் புகுத்தப்பட்டவையல்ல. மனிதரைப்போல் இயற்கையாகவே நோயுற்றவை. டாக்ஸோரூபிசின், பாக்ளிடாக்ஸெல் என்னும் மருந்துகளைச் சுவாசித்தவற்றுள் சிலவற்றின் கட்டிகள் சுருங்கின; உடலின் பிற உறுப்புக்கள் துன்புறவில்லை. ஆயினும், டாக்ஸோரூபிசின் சிலவற்றின் நுரையீரலுக்கே ஊறு விளைத்தது. பின்னர் ஜெம்சிடபின் என்னும் மருந்தை எலிகளிடமும், எலும்புப் புற்றுடைய நாய்களிடமும் சோதித்தனர்.

அடுத்தமுறை ஊர் சென்றபோது இவற்றையெல்லாம் அன்னையாருக்குச் சொன்னேன். கட்டி மூச்சுக்குழலை அடைத்தால் திவலை உட்புகாதென்பதையும், பிறவிடங்களுக்குப் பரவிய நோயை அது போதிய அளவில் எட்டாதென்பதையும், இச்சிகிச்சை இன்னும் வழக்கத்திற்கு வரவில்லை என்பதையும் மறைக்கவில்லை. தமக்கு அது கிட்டாதென்று அறிந்து வருந்துவார்களென எண்ணியிருந்தேன். அவர்களோ, "அந்த நாய்கள் பிழைத்தனவா?" என்றார்கள்.

"சிலவற்றின் கட்டி சுருங்கிற்று, அம்மா. பிழைத்தன என்று சொல்வதற்கில்லை."

சற்றுநேரம் பேசாதிருந்து, "வாயில்லாச் சீவன்கள். எனக்காவது நோகிறதென்று உன்னிடம் சொல்ல முடிகிறது" என்றார்கள்.

விலங்கியலைப் பரீட்சைக்காகவே பயின்றுவந்த யான் அதற்கு மறுமொழி அறியேன். ஆயினும், ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 'இத்தனை நாய்கள், இத்தனை எலிகள்' என்றுள்ள வரியை அன்றுமுதல் விரைந்து கடப்பதில்லை. நாளை நம்மவருள் எவருக்கேனும் அம்மருந்து பயன்படுமாயின், அதனை நமக்குமுன் சுவாசித்தவை அவையே.